பனிச் சரிவில் ஹெலிகொப்டரை இறக்குவது எப்படி? நம் மலைச் சரிவுகளுக்கு அந்த முறை பொருந்துமா?

கேள்வி கேட்டவர்: தலவாக்கலை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையக வீதிகள் துண்டிக்கப்பட்டபோது, கொத்மலைப் பகுதியிலிருந்து மக்களை ஹெலிகொப்டர்கள் ஏற்றிச் சென்றதை நாம் அறிவோம். அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் அனர்த்த ஆயத்தக் குழு ஒன்றை அமைத்திருக்கிறோம். இன்னொரு முறை வீதி அறுந்தால் ஹெலிகொப்டர் எங்கே இறங்கலாம் என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. எங்களிடம் உள்ள ஒரே சமதரை ஆற்றோர மைதானம்; வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான். மற்ற இடமெல்லாம் தேயிலைச் சரிவு.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, சுவிற்சர்லாந்திலும் நேபாளத்திலும் பனி மூடிய சரிவுகளில்கூட மீட்பு ஹெலிகொப்டர்கள் இறங்குகின்றன என்று தெரிந்துகொண்டேன். காலுக்கடியில் வழுக்கும், எவ்வளவு ஆழம் என்றும் தெரியாத அந்தத் தரையில் அவர்கள் எப்படி இறங்குகிறார்கள்? அங்கே இறங்க முடியுமென்றால் எங்கள் ஈரச் சரிவில் ஏன் இறங்க முடியாது? கீழே நிற்கும் நாங்கள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.


பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற விமானி

தம்பி, உங்கள் கேள்வி மிகவும் தேவையான கேள்வி. முதலில் சரிவில் இறங்குவதைச் சொல்லிவிடுகிறேன். பனி அதன் மேல் ஏறிக்கொள்ளும் இன்னொரு சிக்கல்.

சரிவில் இறங்கும் விமானி பெரும்பாலும் ஹெலிகொப்டரைச் சரிவுக்குக் குறுக்காக, அதாவது தேயிலை நிரைகள் மலையைச் சுற்றி ஓடுவதுபோலச் சம உயரத்தில் நிறுத்துவார். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் பின்னாலுள்ள வால் சுழலி மேட்டில் அடிபடும் என்பதால் அப்படி இறங்குவதைத் தவிர்ப்போம். குறுக்காக நின்றபின், மேட்டுப்பக்கத்துச் சறுக்குக் காலை (சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் நீண்ட குழாய்க் காலை) முதலில் தரையில் மெதுவாக வைக்க வேண்டும். பிறகு ஹெலிகொப்டரை எந்தப் பக்கமும் சாய்க்க உதவும் சைக்ளிக் கோலை மேட்டை நோக்கிச் சாய்த்து அந்தக் காலை அங்கேயே அழுத்திப் பிடித்தபடி, தூக்குவிசையைக் கட்டுப்படுத்தும் கலெக்டிவ் நெம்பை அங்குலம் அங்குலமாகக் கீழே விட வேண்டும். பள்ளப்பக்கத்துக் கால் இறங்க இறங்க, சைக்ளிக்கை இன்னும் மேட்டுப்பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும். இரண்டு கால்களும் தரையைத் தொட்டு, முழு எடையும் தரைக்கு இறங்கும்வரை சுழலியின் வேகத்தைச் சிறிதும் குறைக்கக் கூடாது. பள்ளப்பக்கத்துக் கால் தரையைத் தொடும் முன்பே சைக்ளிக் அதன் எல்லையை எட்டிவிட்டால், அந்தச் சரிவு அந்த ஹெலிகொப்டருக்கு அதிகம். அப்படியே மேலே எழும்பி வேறு இடம் தேட வேண்டும்.

இதில் மிக ஆபத்தான நேரம், ஒரு கால் தரையிலும் மற்றக் கால் காற்றிலும் இருக்கும் அந்தச் சில நொடிகள். அப்போது ஹெலிகொப்டர் பறக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. தரையிலுள்ள கால் ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் அது கதவின் கீல்போல ஆகிவிடும்; தூக்குவிசை மேலே இழுப்பதற்குப் பதிலாக அந்தக் கீலைச் சுற்றி ஹெலிகொப்டரைப் புரட்டத் தொடங்கும். இதைத்தான் டைனமிக் ரோல் ஓவர் என்கிறோம். சுழலி ஓடாமல் வெறுமனே நிற்கும் ஹெலிகொப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துக் கவிழ்க்க ஏறத்தாழ 30 பாகை தேவைப்படும். தூக்குவிசை ஏறியிருக்கும் நிலையில் புரளத் தொடங்கிவிட்டால், அதைவிட மிகக் குறைந்த சாய்விலேயே மீட்க முடியாத கட்டம் வந்துவிடும். எதிர்ப்பக்கம் சைக்ளிக்கை இழுத்து மட்டும் அதை நிறுத்த முடியாது. பதற்றத்தில் கலெக்டிவை மேலே இழுப்பவர் புரளுதலுக்கு மேலும் பலம் சேர்க்கிறார். கலெக்டிவை நிதானமாகக் கீழே விடுவதே வழி. கைகள் அதைச் சிந்திக்காமல் செய்யும்வரை பயிற்சி பெறாதவர் சரிவை நெருங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான ஹெலிகொப்டர்களுக்கு 5 பாகைச் சரிவே வழமையான உச்ச எல்லை என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கைநூல் சொல்கிறது. காணொளிகளில் செங்குத்தான பனிமலையில் ஹெலிகொப்டர் 'இறங்கி' நிற்பதாகத் தெரிவது பெரும்பாலும் இறங்குதல் அல்ல. சறுக்குக் கால்களின் முன்நுனியை மட்டும் சரிவில் தொட வைத்துக்கொண்டு, எடை முழுவதையும் சுழலியே தாங்க, விமானி பறந்துகொண்டுதான் இருப்பார். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, திடீரென எடை மாறாதபடி, மெதுவாக ஏறவோ இறங்கவோ வேண்டும்.


பதில்: பதுளை ஆசிரியர்

ஐயா சொன்ன 5 பாகை எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கில் பார்த்தால் நன்றாக விளங்கும். 100 மீற்றர் தூரம் நடந்தால் ஏறத்தாழ 8.7 மீற்றர் மட்டுமே உயரும் சரிவு அது. இரு சறுக்குக் கால்களுக்கும் இடையே இரண்டரை மீற்றர் இடைவெளி இருந்தால், ஒரு கால் மற்றதைவிட 22 சென்ரிமீற்றர் அளவே உயர்ந்திருக்கும். நம் தேயிலைச் சரிவுகளில் பெரும்பாலானவை இதைவிடப் பல மடங்கு செங்குத்தானவை. நீர்மட்டக் குழாய் ஒன்றும் அளவுநாடாவும் இருந்தால் தோட்டத்து இளைஞர்களே ஒவ்வோர் இடத்தையும் அளந்துவிடலாம். கண்ணால் மதிப்பிடுவதை நம்ப வேண்டாம். மலையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு 10 பாகைச் சரிவுகூடச் சமதரையாகத்தான் தெரியும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, அதே வெப்பநிலையில் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுழலிக்கும் எஞ்சினுக்கும் அந்த அளவு பலம் குறையும் என்பதால், கொழும்பில் தூக்கக்கூடிய எடையை இங்கே தூக்க முடியாது. ஒரே தடவையில் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளவில்லையே என்று மக்கள் கோபப்படும்போது இதைத்தான் அவர்களுக்கு விளக்க வேண்டும்.


பதில்: அட்டனில் பிறந்து வலே மாநிலத்தில் வாழ்பவர்

நான் பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இப்போது சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தில் மலைப்பகுதிக் கட்டுமான வேலைகளுக்குப் பொருள் கொண்டுவரும் ஹெலிகொப்டர்களுக்குத் தரைப்பணியாளராக வேலை செய்கிறேன். ஓட்டுவதைப் பற்றி விமானி ஐயா சொல்லிவிட்டார். பனி என்ன செய்கிறது என்பதை நான் எழுதுகிறேன்.

பனி முதலில் விமானியின் கண்ணைப் பறிக்கிறது. மேகம் மூடிய நாளில் வெண்பனிச் சரிவில் நிழலே விழாது. மேடு எது, பள்ளம் எது, தரை இன்னும் எத்தனை மீற்றர் கீழே இருக்கிறது என்று ஒன்றுமே தெரியாது. அதற்கு மேல், தரையை நெருங்கும்போது சுழலியின் கீழ்க்காற்று உதிரிப் பனியைக் கிளப்பி ஹெலிகொப்டரைச் சுற்றி வெள்ளைச் சுவராக எழுப்பிவிடும். இதை வைட் அவுட் என்பார்கள். அந்தச் சுவருக்குள் விமானி தான் பக்கவாட்டில் நகர்கிறோமா நிற்கிறோமா என்பதையே உணர மாட்டார். நகர்ந்தபடி கால் தரையைத் தொட்டால், ஐயா சொன்ன புரளுதல் அங்கேயே தொடங்கிவிடும்.

இதற்கு இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். உயரத்திலேயே மிதந்து நின்று, கீழ்க்காற்று உதிரிப் பனியை அடித்து விலக்கித் தரை தெரியும்வரை காத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக இறங்குவது ஒன்று. அதற்கு எஞ்சினில் மிகுதிப் பலம் வேண்டும். இடையில் நிற்காமல் ஒரே சீரான இறக்கத்தில் நேராக அந்த இடத்துக்கே வந்து, பின்னாலிருந்து முன்னோக்கி வரும் பனிப்புழுதி விமானியின் கண்ணை எட்டும் முன் காலை வைத்துவிடுவது மற்றது. எந்த வழியானாலும், கண்ணை விட்டு அகலாத ஓர் அடையாளம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பாறையோ மரமோ இல்லாத இடத்தில் நாங்களே அந்த அடையாளம். இறங்குமிடத்தின் ஓரத்தில், காற்று முதுகில் படும்படி, முழங்காலிட்டு அசையாமல் இருப்போம். விமானி எங்களைப் பார்த்தபடியே எங்கள் முன்னால் இறக்குவார். அந்த நேரத்தில் நாங்கள் பயந்து நகர்ந்துவிட்டால், தரையே நகர்ந்ததாக அவருக்குத் தோன்றும்.

தரையைத் தொட்டபின்பும் பனியை நம்ப முடியாது. மேலே கெட்டியான ஓடு, கீழே மென்பனி என்றிருந்தால், ஒரு கால் மட்டும் ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம். 4 பாகைச் சரிவாக இருந்தது ஒரு நொடியில் 10 பாகையாகிவிடும். அதனால் சறுக்குக் கால்களின் அடியில் அகலமான பலகைகளைப் பொருத்துகிறார்கள். தொட்டவுடன் சக்தியைக் குறைத்துவிடாமல், எப்போது வேண்டுமானாலும் எழும்பக்கூடிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, கலெக்டிவைச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பனியை அமுக்கி, இனி அமிழாது என்று உறுதியான பிறகுதான் முழு எடையையும் விடுவார்கள். பனிக்கட்டியில் சிக்கல் வேறு விதமானது: கால்கள் பிடிப்பில்லாமல் சரிவின் வழியே வழுக்கிப் போகலாம், கலெக்டிவை மாற்றும்போது மூக்கே ஒரு பக்கம் திரும்பலாம்.

எனக்கு மிகவும் அச்சம் தருவது, இறங்கிச் சிறிது நேரம் நின்றபின் மீண்டும் எழும்பும் நேரம்தான். கால்களின் வெப்பத்தில் சற்று உருகிய பனி, மறுபடி உறைந்து ஒரு காலைத் தரையோடு ஒட்டிவிடும். விமானி அதை அறியாமல் கலெக்டிவை இழுத்தால், ஒட்டாத கால் எழும்ப, ஒட்டிய காலைச் சுற்றி ஹெலிகொப்டர் புரளும். அதனால் எழும்பும் முன் நாங்கள் கால்களைச் சுற்றி வெட்டிப் பார்ப்போம். விமானியும் மூக்கைத் திருப்பும் மிதிகளை மெதுவாக இடமும் வலமும் அழுத்தி, இரு கால்களும் விடுபட்டதை உறுதிசெய்துகொண்டுதான் எழும்புவார்.

செங்குத்தான இடத்தில் இறங்கவே கூடாது என்பதையும் இந்த மலைகள்தான் கற்றுத் தந்திருக்கின்றன. 2010 ஏப்ரலில் அன்னபூர்ணா மலையில், 7,000 மீற்றரை நெருங்கும் உயரத்தில் சிக்கிய மூன்று மலையேறிகளை, சுவிற்சர்லாந்தின் ஏர் செர்மாட் நிறுவன விமானியும் மீட்பாளரும் இறங்கி ஏற்றவில்லை. நீண்ட கயிற்றில் தொங்கவிட்டே கொண்டுவந்தார்கள். 2005 மே 14 அன்று பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகொப்டரைத் தரைதொட வைத்தது உண்மைதான். ஆனால் அது முழுமையாக ஆயத்தம் செய்த சோதனைப் பறப்பு. அதை வைத்துச் சாதாரண மீட்புப் பணியை அளக்கக் கூடாது.


பதில்: தலவாக்கலை வாசகன்

அண்ணா, ஆசிரியர் ஐயா, விமானி ஐயா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் சொன்னபடி நீர்மட்டக் குழாயை வைத்து அளந்து பார்த்தோம்; நாங்கள் மனதில் வைத்திருந்த இரண்டு இடங்களும் 5 பாகைக்கு மேல் என்று தெரிந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய நாற்றுமேடை மட்டுமே எஞ்சுகிறது. அது ஓரளவு சமம். ஆனால் மழைக்காலத்தில் மேலே புல், கீழே சேறு. இங்கே வெண்பனி விழுவதில்லை, சனவரி அதிகாலையில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி மட்டும்தான் என்பதால் அண்ணா சொன்னவற்றில் எவை எங்களுக்குப் பொருந்தும்? மேலும், ஹெலிகொப்டர் இறங்கியபின் மக்கள் எந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும்?


பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற விமானி

பனியைப் பற்றி அட்டன் தம்பி எழுதியவற்றுள் பெரும்பகுதி சேற்றுக்கும் பொருந்தும், தம்பி. புல் மூடிய சேறு, ஓடு கட்டிய பனியைப் போலவே மேலே உறுதியாகத் தெரிந்து உள்ளே ஒரு காலை விழுங்கிவிடும். ஒட்டும் சேறு எழும்பும்போது ஒரு காலைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். அதே எச்சரிக்கை, அதே மிதி அசைவு, அதே பொறுமை இங்கும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை மறக்க முடியாது. அத்தகைய இடங்களில் மேற்பரப்பு காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே நீர் ஊறியிருக்கும் என்பதால், மண்சரிவு ஏற்பட்ட நிலத்தையோ அதன் நேர் கீழே உள்ள நிலத்தையோ இறங்குமிடமாகக் குறிக்கவே வேண்டாம். வெள்ளைச் சுவருக்குப் பதிலாக நமக்கு வருவது, கோடைநாளில் செம்புழுதியும் மற்ற நாட்களில் திடீரென இறங்கும் மூடுபனியும். புழுதி மேகத்துக்குள் இறங்கும் பழக்கம் நம் விமானப்படையினருக்கு நன்றாகவே உண்டு, ஐ.நா. பணியில் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் எம்ஐ-17 ரகங்களை ஓட்டியவர்கள் அவர்கள். மூடுபனிக்குத்தான் மருந்தில்லை. அது விலகும்வரை காத்திருக்க மக்களைப் பழக்குங்கள்.

நாற்றுமேடையின் அளவையும் பாருங்கள். பெல் 212 ரகத்தின் முதன்மைச் சுழலி 14.6 மீற்றர் விட்டம் கொண்டது. எம்ஐ-17 ரகத்தினுடையது 21 மீற்றருக்கும் சற்று அதிகம், முழு எடையில் 13 தொன். பெல் சறுக்குக் காலில் நிற்கும். எம்ஐ-17 சக்கரத்தில் நிற்கும், சேற்றில் சக்கரம் ஆழமாக அமிழும். உங்கள் மேடை முதலாவதற்கே போதுமா என்பதை அளந்து, சுற்றிலும் தாராளமாக வெளி விட்டுப் பாருங்கள். கிறெவில்லியா மரங்கள், மின்கம்பிகள், கொழுந்து மூட்டை இறக்கும் பழைய கம்பித் தடங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் தவறாமல் குறியுங்கள். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு மரம் தெரியும், கம்பி தெரியாது. மடுவத்தின் கூரைத் தகரங்களில் ஆணி தளர்ந்தது ஒன்றாவது இருக்கும். அதை இப்போதே அடித்து இறுக்குங்கள், ஏனெனில் கீழ்க்காற்றில் பறந்து சுழலியில் மோதும் தகரம் ஹெலிகொப்டரையே வீழ்த்திவிடும். துணி, பொலித்தீன் விரிப்பு, வெற்றுச் சாக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்த வரைபடத்தைக் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்து வையுங்கள். இறங்குவதா வேண்டாமா என்பது கடைசிவரை விமானியின் முடிவு.

மக்கள் போகும் பக்கத்தைப் பற்றி: சரிவில் நிற்கும் ஹெலிகொப்டரை எப்போதும் பள்ளப்பக்கத்திலிருந்துதான் நெருங்க வேண்டும், பள்ளப்பக்கமாகத்தான் விலக வேண்டும். மேட்டுப்பக்கத்தில் தரை உயர்ந்து, சுழலியின் இறகு நிற்பவரின் தலைமட்டத்துக்கோ அதற்குக் கீழோ வந்துவிடும். வால் பக்கம் யாரும் போகக் கூடாது. வேகமாகச் சுற்றும் வால் சுழலி கண்ணுக்கே தெரியாது. விமானியோ பணியாளரோ பார்த்துச் சைகை காட்டும்வரை ஒருவர்கூட அசையாமல், அவர்கள் பார்வையில் படும்படி காத்திருக்க வேண்டும். பிறகு குனிந்தபடி வர வேண்டும். குடை, மண்வெட்டி, தூக்குக்கட்டில் போன்ற நீளமான எதையும் தோளில் நிமிர்த்திப் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே கிடையாகப் பிடிக்க வேண்டும். சேலை முந்தானையும் கொழுந்துக் கூடைக் கயிறும் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும்; தொப்பி பறந்தால் அதைத் துரத்தி யாரும் ஓடக் கூடாது. சிறுவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, பெரியவர் ஒருவரின் பொறுப்பில் விடுங்கள்.


பதில்: அட்டனில் பிறந்து வலே மாநிலத்தில் வாழ்பவர்

ஐயா சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன். ஹெலிகொப்டர் பனியிலோ சேற்றிலோ அமிழ்ந்திருந்தால் சுழலியும் அந்த அளவு தாழ்ந்திருக்கும். சமதரையில் பழகிய இடைவெளி இருக்கும் என்று எண்ணிக் கொள்ளக் கூடாது.

மற்றது சைகை. மேலே வரும் விமானிக்கு உதவி தேவை என்று காட்ட, இரு கைகளையும் ஆங்கில ஒய் எழுத்துப்போல மேலே விரித்து நில்லுங்கள். தேவையில்லை என்றால் ஒரு கையை மேல் சரிவாகவும் மற்றதைக் கீழ்ச் சரிவாகவும் நீட்டி நில்லுங்கள். அல்ப்ஸ் மலைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரிந்த சைகை இது. மகிழ்ச்சியில் இரு கைகளையும் வீசுவது உதவி கேட்பதாகவே புரிந்துகொள்ளப்படும் என்பதால், குழுவில் ஒருவர் மட்டும் சைகை காட்ட வேண்டும், மற்றவர்கள் கைகளைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று இப்போதே முடிவுசெய்து, மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்றுமேடையிலேயே எல்லோரையும் நிறுத்தி ஒத்திகை பாருங்கள்.